முதுகில் தைத்த அம்பு

உயிரோடு இருக்கிறவன் மேல் பொறாமைப்பட்டால் அதற்கு ஒரு வழி உண்டு. சண்டைக்கு இழுக்கலாம், சட்டையைப் பிடிக்கலாம், நாலு பேரிடம் அவனைப் பற்றிக் கோள் சொல்லி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். செத்துப் போனவன் மேல் பொறாமைப்பட்டால் என்ன செய்வது? அதுவும் ஒரு தடவைகூட நேரில் பார்த்திராத ஒருவன் மேல்? கல்தச்சன் சுப்பராயனுக்கு அந்தப் பாழாய்ப்போன வியாதிதான் வந்து தொலைத்தது.

சுப்பராயனுக்குச் சொந்த ஊர் காவேரிப்பாக்கம். அங்கே ஏரி மதகுக்குக் கல் கொத்திக்கொண்டிருந்தவன், வேலை தேடி மேற்கே வந்து, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவிலிருக்கிற ஆவாரங்குட்டையில் ஒரு வயதான தச்சரிடம் சேர்ந்தான். வேலைக்காரன். வாயைத் திறக்காமல் காலையிலிருந்து பொழுது சாயும்வரை உளி பிடிப்பான். ஒரு வருஷம் பார்த்துவிட்டு, தச்சர் தம்முடைய ஒரே மகள் தேவகியை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார். ஆறு மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். வீடும் பட்டறையும் மருமகனுக்கு வந்தன. இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

ஆனால் தேவகி முதலில் இவனுக்கென்று பேசிய பெண் இல்லை. அவளுடைய அத்தை கமலத்தின் மகன் கோவிந்தசாமிக்குத்தான் அவளை நிச்சயம் செய்து தாம்பூலம் மாற்றியிருந்தார்கள். கோவிந்தசாமிக்குக் கல்லும் உளியும் பிடிக்கவில்லை. மலையடிவாரத்திலிருந்து ஆவாரம்பட்டையை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் கொண்டுபோய் இறக்குவான். அப்போது ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தமுக்கு அடித்ததும், தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த ஆபித் பாஷா என்ற தோஸ்த்தையும் சேர்த்துக்கொண்டு ஒரே ஓட்டமாகப் போய்ப் பேர் கொடுத்துவிட்டான். மாடு ஓட்டத் தெரிந்தவன் என்பதால் அவனைக் கோவேறு கழுதை ஓட்டச் சேர்த்துக்கொண்டார்கள். பம்பாயில் கப்பல் ஏறினான், பஸ்ராவில் இறங்கினான். ஒரு வருஷம் கழித்து சர்க்கார் காகிதம் வந்தது. கோவிந்தசாமி இறந்துவிட்டான் என்பதைத் தவிர அந்தக் காகிதத்தில் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் தேவகிக்கு வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே சுப்பராயனுக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டிக்கொண்டான். செத்தவன் செத்தான், நமக்கென்ன என்று இருந்தான். கமலம் வந்து கல் கேட்ட அன்றைக்குத்தான் வினை பிடித்தது.

சண்டை முடிந்த அடுத்த தை மாதம் அது. காலையில் பட்டறைக்கு வந்து நின்றவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி, எம்புள்ளைக்குப் பொணமும் இல்ல, குழியும் இல்ல. பஸ்ராவாமே, அது எந்தத் திக்குல இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் பாத்து அழுவேன் நானு? ஒரு கல்லாவது அடிச்சிக் குடுப்பா. வேடியப்பன் கல்லு மாதிரி."

அந்தப் பக்கத்து வரப்புகளிலும் தோப்புகளிலும் வேடியப்பன் கல் ஏராளம். எந்தக் காலத்திலோ மாடு மீட்கப் போய்ச் செத்தவன், ஊர்ச் சண்டையில் விழுந்தவன் என்று ஒவ்வொரு கல்லிலும் ஒரு வீரன் நிற்பான். பேர் தெரியாததால் எல்லாருக்கும் வேடியப்பன் என்றே பேர். சும்மா பார்க்கிறவனுக்கு அதில் வாளும் வில்லும் தெரியும், அவ்வளவுதான். தச்சனுக்கு அதெல்லாம் படிக்கிற எழுத்து. ஓங்கின வாள் என்றால் எதிர்த்து நின்றவன். மார்பில் தைத்த அம்பு என்றால் எதிரியின் முகத்தைப் பார்த்தபடி செத்தவன். முதுகில் அம்பு என்றால் ஓடும்போது செத்தவன். அப்படி ஒரு கல்லை எந்தத் தச்சனும் கொத்தினதில்லை. ஓடிப்போனவனுக்கு எவன் கல் நடுவான்?

சுப்பராயன் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து தேவகி வந்துவிட்டாள். "அழுவாத அத்தை. செஞ்சி குடுப்பாரு," என்றாள்.

செய்து கொடுப்பாராம்! கட்டின புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுப்பராயனுக்குச் சுருக்கென்றது. தலையை மட்டும் ஆட்டிவைத்தான்.

கல் அடிக்கப்போகிற செய்தி ஊருக்குள் பரவி, மறுநாளே பட்டறை முன்னால் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கையில் எந்த ஆயுதம் வைப்பது என்று ஒரே வாக்குவாதம். பட்டாளத்துக்காரன், துப்பாக்கிதான் வைக்க வேண்டும் என்றார் ஒருவர். துப்பாக்கி வைத்தால் வெள்ளைக்காரன் கல் ஆகிவிடும், அதற்குப் பொங்கல் வைக்க முடியுமா என்றார் இன்னொருவர். கமலம் பாவம், ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுப்பராயன் கையிலிருந்த சுத்தியைக் கீழே வைத்தான். "அவன் கழுத ஓட்டப் போனவன்தானே? துப்பாக்கியும் வேணாம், வாளும் வேணாம். ஒரு சாட்டை செதுக்கிடறேன். உள்ளது உள்ளபடி இருக்கட்டும்."

இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். கமலத்தின் முகம் செத்துப்போயிற்று. அப்போது கதவோரம் நின்ற தேவகி பேசினாள். பத்து ஆண்பிள்ளைகள் நிற்கிற இடத்தில் அவள் அதுவரை பேசினதே இல்லை.

"வாளே வெய்யி. வாள்னா அவரு கையில வாள் இருந்துச்சின்னா அர்த்தம்? போன எடத்துல நின்னாருன்னு அர்த்தம். பஸ்ராவுல எவன் அம்பு வுட்டான்? அதுக்காக அம்பு இல்லாம கல்லு அடிப்பியா நீ? குண்ட எப்டிக் கல்லுல காட்டுவ? அம்புன்னாதான் சாவு. எங்கப்பா இருந்திருந்தா வாள்தான் வெச்சிருப்பாரு."

"அப்படிப் போடு தாயி!" என்றார்கள் கூடியிருந்தவர்கள். பேச்சு முடிந்துபோயிற்று.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் ஒரு அதட்டுப் போட்டு உள்ளே அனுப்பியிருப்பான். தச்சர் வீட்டுப் பெண், கல்சில்லுக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்தவள், கல்லைப் படிக்கத் தெரிந்தவள். அவ்வளவு தெரிந்தவள் இந்த ஒன்றரை வருஷமாக அவன் கொத்தின ஒரு கல்லைப் பற்றியாவது இப்படி வாய் திறந்து பேசியிருக்கிறாளா? அம்மி கொத்தினான், ஆட்டுக்கல் கொத்தினான், கோயிலுக்குப் பலிபீடம் கொத்தினான். நன்றாயிருக்கிறது என்று ஒரு சொல் உண்டா?

அதோடு விட்டாளா? பாறையில் கல் எடுக்கப் போனபோது கூடவே வந்தாள். இவன் காட்டின பலகைக்கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வேணாம், நரம்பு ஓடுது, பின்னால வெடிக்கும்," என்றாள். தேடித் தேடிக் கடைசியில் தானே ஒரு கல்லைக் காட்டினாள். கருநீலம், தட்டினால் மணிபோல ஒலித்தது, எங்கும் ஒரு கீறல் இல்லை. அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அடுப்படிக்குப் போட ஒரு கல் கேட்டபோது, "ஏதோ ஒண்ணு குடுய்யா," என்று கேட்டவள்தான் இவள்.

வேலை தொடங்கியது. உடம்பு, கால், இடுப்புக் கச்சை எல்லாம் கடகடவென்று வந்துவிட்டன. முகத்துக்கு வந்ததும் உளி நின்றது. பேர் தெரியாத வேடியப்பனுக்கு எந்த முகமும் வைக்கலாம். கோவிந்தசாமியோ ஊரில் எல்லாரும் பார்த்த ஆள். கமலத்திடம் கேட்டால், "ராசா மாதிரி இருப்பான்," என்று சொல்லி ஒரு பாட்டம் அழுகிறாள். ராசா மாதிரி என்றால் என்னத்தைக் கொத்துவது?

மத்தியானம் கூழ் கொண்டுவந்த தேவகியிடம் கேட்டான். "ஒன் அத்தை மவன் மூஞ்சி எப்டி இருக்கும்?"

"ஞாபகம் இல்லய்யா."

"ஞாபகம் இல்லியா? கட்டிக்கப் போனவன் மூஞ்சி ஞாபகம் இல்லியா?"

"இல்ல. பாத்து எத்தினி வருசம் ஆச்சி. வெங்காயம் கடிச்சிக்க."

பொய், பொய், அப்பட்டமான பொய் என்று சுப்பராயன் மனசுக்குள் கத்தினான். மறக்கிற முகமா அது? அந்த முகத்துக்காகத்தானே பத்துப் பேர் முன்னால் புருஷனை எதிர்த்துப் பேசினாள்! மறைக்கிறாள். மறைக்கிறாள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

மறுநாளும் கேட்டான். "மூக்கு நீட்டா, சப்பையா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். நீட்டு என்றுதான் நினைக்கிறேன் என்றாள். அதற்கடுத்த நாள் மீசையைக் கேட்டான். முதலில் தெரியவில்லை என்றவள், கூழ்ச் சட்டியை எடுத்துக்கொண்டு நாலு அடி போய்த் திரும்பி நின்று, "இருந்துச்சி. சின்னதா, முறுக்காம வுட்டிருப்பாரு," என்றாள். அப்புறம் காதில் சிவப்புக் கல் கடுக்கன் வந்தது. இடது புருவத்தில் வண்டி முளைக்குச்சி பட்ட தழும்பு வந்தது. மாட்டை அதட்டும்போது ஒரு பக்கமாக வாய் கோணும் என்பது வந்தது. ஒரு நாள் அதை அவள் தானே செய்து காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் அதுவரை பார்த்ததில்லை.

ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் கல்லில் இறக்கினான். கையென்னவோ நாணயமான கை. மனசு கருகினாலும் கைக்குப் பொய் சொல்ல வரவில்லை. பதினைந்து நாளில் மூக்கும் முழியுமாக ஒருவன் கல்லிலிருந்து எழுந்து நின்றான். கமலம் பார்த்துவிட்டு, "அடப்பாவி மவனே, வந்துட்டியா," என்று கல்லைக் கட்டிக்கொண்டாள். தேவகி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கூழ் ஆறிப்போயிற்று. ஆறின கூழைக் குடித்துக்கொண்டு சுப்பராயன் அவளையே பார்த்தான்.

சவுகரியமாகச் செத்துப்போய்விட்டான் அந்தப் பயல். அவனுக்கு இனிமேல் நரைக்காது, தொப்பை விழாது, பெண்டாட்டியோடு சண்டை வராது. இவன் கொத்திக் கொடுத்த அதே முகத்தோடு வாள் ஓங்கி ஊர் எல்லையில் நிற்பான். வருஷா வருஷம் பொங்கல். இவன் பெண்டாட்டியே போய்க் கற்பூரம் கொளுத்துவாள். இவனோ சாகிறவரைக்கும் அம்மி கொத்த வேண்டியதுதான். நினைக்க நினைக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கல் நடுவதற்கு முதல் நாள். எல்லாம் முடிந்து அம்பு ஒன்றுதான் பாக்கி. மார்பில் மூன்று அம்பு என்று கரியால் கோடு போட்டு வைத்திருந்தான். தேவகி மாவு இடிக்க அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். பட்டறையில் அவனும் அந்த முகமும் மட்டும்தான். ஒரு பக்கமாகக் கோணின அந்த வாய் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவனுக்குத் தோன்றிவிட்டது.

கரிக்கோட்டை எச்சில் தொட்டு அழித்தான். உருவம் வலப்பக்கம் பார்த்து நடக்கிற கோலம். அதற்குப் பின்னால் தோள்பட்டைக்குக் கீழே ஒரே ஒரு அம்பைக் கொத்தினான். இறகு பின்பக்கம், முனை முதுகுக்குள். அதிக நேரம் ஆகவில்லை. ஓடினவன்டா நீ. ஊர் கும்பிடட்டும், உலகம் கும்பிடட்டும், படிக்கத் தெரிந்தவனுக்கு நீ புறமுதுகு காட்டிச் செத்தவன்தான். கல் இருக்கிறவரைக்கும் அப்படித்தான். இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பொடியை ஊதிவிட்டு, வாழைச் சருகைப் போட்டுக் கல்லை மூடினான். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்கு அவனுக்கு நன்றாகப் பசித்தது.

மறுநாள் கல் நட்டார்கள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சேவல் அறுத்து, பொங்கல் வைத்தார்கள். கண் திறப்பது தச்சன் பாத்தியதை. சுப்பராயன் உளியால் இரண்டு கண்ணிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகினான். ஊர் ஜனம் விழுந்து கும்பிட்டது. வாள் இருக்கிறதா, இருக்கிறது. அம்பு இருக்கிறதா, அதுவும் இருக்கிறது. அம்பு முன்னாலிருந்து வந்ததா பின்னாலிருந்து வந்ததா என்று ஒரு ஆள் பார்க்கவில்லை. கமலம் அந்த அம்பின் மேலேயே மஞ்சளைக் குழைத்துத் தடவி, "வலிச்சிச்சா கண்ணு," என்று கேட்டாள்.

தேவகி பார்த்தாள். கையிலிருந்த தேங்காயை உடைக்காமல் அப்படியே நின்றாள். அம்பைப் பார்த்தாள், அப்புறம் சுப்பராயனைப் பார்த்தாள். அவன் உளியைத் துண்டில் சுற்றுவதுபோலக் குனிந்துகொண்டான். ஊரில் அந்தக் கல்லைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பதை இந்த மடையன் எப்படி மறந்தான்? அது என்னவோ, பொறாமை பிடித்தவனுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஏன்யா?"

"இன்னா ஏன்?"

"அம்பு ஏன் அங்க வெச்ச?"

"மார்ல வெக்க எடம் பத்தல. கல்லு கொஞ்சம் பொரிஞ்சிடிச்சி."

"அது பொரியிற கல்லு இல்ல. பொறுக்கினது நானு." அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்று முதல் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், வேண்டியதற்கு மட்டும் வாய் திறந்தாள். எந்த நிமிஷம் கமலத்திடம் போய்ச் சொல்லிவிடுவாளோ என்று சுப்பராயன் பயந்து செத்தான். அவள் சொல்லவில்லை. சொல்லாததும் அவனுக்குப் பேஜாராக இருந்தது. அடித்துப் பிடித்துச் சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ மேல்.

இப்படி இரண்டு மாதம் போயிற்று. பங்குனி வெயிலில் ஒரு நாள், தாங்குகட்டை ஊன்றிக்கொண்டு ஒருவன் ஆவாரங்குட்டைக்கு வந்தான். பட்டாளத்துக் கோட்டு, அதற்குக் கீழே ஒரு கால்தான். ஆபித் பாஷா! சண்டை முடிந்தும் பஸ்ராவிலும் பம்பாயிலும் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, வாணியம்பாடிக்கு வந்து இறங்கி, நேராக தோஸ்த்தின் தாயைப் பார்க்க வந்திருக்கிறான். கமலம் அவனை உட்காரக்கூட விடவில்லை. வா, வந்து உன் தோஸ்த்தைப் பார் என்று கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊரே பின்னால் திரண்டது. பட்டறையிலிருந்த சுப்பராயனையும் யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள், கல் அடித்த மேஸ்திரி இல்லாமலா என்று.

ஆபித் பாஷா முதலில் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "அதே வாய்! கழுதைய அதட்டுற வாய்!" அப்புறம் அவன் பார்வை தோள்பட்டைக்குப் போயிற்று. கட்டையைத் தள்ளிவிட்டுக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். மஞ்சளைத் துடைத்து அந்த அம்பை விரலால் தடவினான். சுப்பராயன் ஒரு அடி பின்வாங்கினான். தொலைந்தோம், இவனுக்குத் தெரிந்துவிட்டது, ஊர் நடுவில் கேட்கப்போகிறான் என்று நினைத்தான்.

கேட்கத்தான் செய்தான். "மேஸ்திரி, இது ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"எது?"

"முதுவுல பட்டதுன்னு. நான் யாருக்கும் லெட்டர் எழுதலியே. எழுத மனசு வரல எனக்கு." அவன் கமலத்தின் பக்கம் திரும்பினான். "அம்மா, கேட்டுக்கோ. இத்தினி நாளு உன்கிட்ட சொல்லல. துருக்கிக்காரன் குண்டு மழையா பொழியிறான். எல்லாரும் கழுதைங்கள அவுத்து வுட்டுட்டுப் பின்னால ஓடுறாங்க. என் கால்ல அடி, சேத்துல கெடக்குறேன். ஓடின கோயிந்தன் திரும்பி வந்துட்டான்மா. கன்னுக்குட்டியத் தூக்குற மாதிரி என்னை மாரோட அணைச்சித் தூக்கினான். முதுவுல ஏத்திக்கடா, லேசா இருக்கும்னு சொன்னேன். முதுவுல ஏத்தினா குண்டு உன் மேலதான்டா படும்னான். பட்டுச்சி. அவன் முதுவுல பட்டுச்சி. அதுக்கப்பறமும் நாப்பது அடி நடந்தான்மா. என்னைப் பள்ளத்துல படுக்க வெச்சிட்டுத்தான் வுழுந்தான்."

அப்புறம்தான் ஒவ்வொருவராகக் கல்லைக் குனிந்து பார்த்தார்கள். அட, ஆமாம், அம்பு பின்னாலிருந்துதான் வந்திருக்கிறது! இத்தனை நாள் கண்ணில் படவில்லையே! ஒரே ஆரவாரம். கமலம் ஓடிவந்து சுப்பராயன் காலைப் பிடித்துக்கொண்டாள். "நீ மனுசன் இல்லப்பா! கூட இருந்து பாத்த மாதிரி அடிச்சிருக்கியே! எம்புள்ள உன் கையில வந்து சொல்லியிருக்கான்பா!"

"இல்ல பெரிம்மா, நான் தெரிஞ்சி செய்யல," என்றான் சுப்பராயன். அவளைத் தூக்கி நிறுத்தப் பார்த்தான். "நான் வந்து... தெரியாமத்தான்..."

"கேட்டீங்களா? தெரியாமச் செஞ்சாராம்! சாமிதான் உளியப் புடிச்சிருக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அவன் சொன்னது எதுவும் எடுபடவில்லை. மார்பில் மூன்று அம்பு வைத்திருந்தால் கோவிந்தசாமி நூறு வேடியப்பன்களில் ஒரு வேடியப்பனாக நின்றிருப்பான். முதுகில் அம்பு வாங்கின வேடியப்பன் இந்த ஜில்லாவிலேயே ஒருத்தன்தான். அவமானம் பண்ணுகிறேன் என்று கிளம்பின இவன் கையாலேயே அந்தப் பெருமையைச் செய்து கொடுத்தாயிற்று.

கூட்டத்துக்கு அப்பால் தேவகி நின்றாள். அழவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவையாவது தன் பக்கம் திரும்புவாள் என்று சுப்பராயன் காத்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் தாங்கமாட்டாமல் கொட்டிவிட்டான். "தேவகி, அந்த அம்ப நான் வேணும்னுதான் அங்க வெச்சேன்."

"தெரியும்." அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொறாமையில செஞ்சிட்டேன். வயித்தெரிச்சல். ஊரு முன்னால சொல்லிடறேன்."

"சொல்லி இன்னா ஆவப்போவுது? அத்தைக்கு இருக்கிற நிம்மதியும் பூடும். வாய மூடிக்கினு இரு."

"சரி, சொல்லல. நீ எதுவேணாலும் சொல்லு, கேட்டுக்கறேன். இனிமே சத்தியமா அவன் பேச்சையே எடுக்க மாட்டேன். நீயும் அவன மறந்துடு. போதும் எனக்கு."

தேவகி முறத்தைக் கீழே வைத்தாள். "மறந்துதான்யா இருந்தேன்," என்றாள்.

அவள் குரலில் கோபம்கூட இல்லை. "எப்பப் பாரு வண்டி கட்டிக்கினு மலைக்குப் போற ஆளு. வருசத்துல நாலு தடவ பாத்திருந்தா ஜாஸ்தி. செத்துட்டாருன்னு காயிதம் வந்தப்ப அத்தைக்காகத்தான் அழுதேன். மூஞ்சி ஞாபகம் இல்லன்னு அன்னிக்கி ஒன்கிட்ட சொன்னேனே, அது நெசம். நீ நம்பல. மூக்கு எப்டின்ன, மீச எப்டின்ன, தெனம் தெனம் கேட்டுக்கினே இருந்த. கேக்கறாரே, வேலைக்கு வேணுமேன்னு நானும் யோசிச்சேன். யோசிக்க யோசிக்க ஒவ்வொண்ணா வந்துச்சி. கடுக்கன் வந்துச்சி, தழும்பு வந்துச்சி, சிரிப்பு வந்துச்சி. எனக்குத் தெரியாத மனுசன்யா அவரு. நீதான் கையப் புடிச்சிக் கூட்டியாந்து உள்ள வுட்ட. இப்ப அந்தத் தோஸ்த்து வந்து மிச்சத்தையும் சொல்லிட்டுப் பூட்டாரு."

"தேவகி..."

அவள் எழுந்து எண்ணெய்க் கிண்ணத்தையும் திரியையும் எடுத்துக்கொண்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"கூழு உறியில இருக்குது, குடி. மாமாவுக்கு வெளக்கு வெச்சிட்டு வர்றேன்."

இத்தனை நாளில் அவள் கோவிந்தசாமியை அவரு என்றுதான் சொல்லியிருக்கிறாள். மாமா என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டான் சுப்பராயன். வாசல் வரைக்கும் எழுந்து போனவன், படலைப் பிடித்துக்கொண்டு, அவள் குட்டைக்கரையைத் தாண்டி அந்தக் கல்லைப் பார்த்து நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.